காதுக்கு என்ன அவசரம்

கை கழுவுவதற்கே அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும். குழாயைத் திறந்து, முழங்கை வரை நனைத்து, சோப்புப் போட்டு, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்த்து, நகத்தடியைத் தேய்த்து, கழுவி முடித்தார் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது மறுபடி சோப்பை எடுப்பார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். மிஷினிலிருந்து தாள் முழுதாக வெளியே வருவதற்குள் நுனியைப் பிடித்து இழுத்துக் கிழித்துவைக்கிற ஆள். என்னைப் போன்றவளை உட்காரவைத்து வதைப்பதற்கென்றே செய்த மனுஷி அவர்.

ராமநாதபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகி, கடைசிவரை பெயரைக் கேட்காமலே இருந்துவிட்டேன். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வெளிர்நீலச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. காதில் ஒன்றும் கிடையாது. டாக்டர் காலை நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு, பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை அவர் காது குத்துவார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காது குத்துகிறவரின் காது மூளியாக இருப்பதை வருகிறவர்கள் எல்லோருமே கவனிப்பார்கள். வேண்டுதல் என்று ஒருத்தி சொல்வாள். புருஷன் செத்ததும் கழற்றிவிட்டார் என்பாள் இன்னொருத்தி. நேரில் கேட்கத்தான் ஒருத்திக்கும் வாய் வராது.

குத்துவதற்கு முன்னால் ஊசிப் பொட்டலத்தை நம் கண்ணெதிரே தூக்கிப் பிடிப்பார். "தேதியப் பாருங்க. ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கா? பாத்துட்டீங்களா?" என்பார். நாம் சும்மா தலையாட்டினால் பிரிக்கமாட்டார். "பாத்துட்டேன்னு வாயால சொல்லுங்க." சொன்ன பிறகுதான் பிரிப்பார். கம்மல் இருக்கும் பொட்டலத்துக்கும் இதே கதைதான். கண்ணாடி கொண்டுவர மறந்த தாத்தா ஒருவர், தேதி தெரியாமலேயே "பாத்துட்டேன் தாயி" என்று சொல்ல, அதைக் கண்டுபிடித்து, வெளியே உட்கார்ந்திருந்த மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கவைத்தார். கோபமாக இல்லை. ரேஷன் கடையில் கைநாட்டு வாங்குகிற மாதிரி, நடக்கவேண்டியது நடக்காமல் அடுத்த வேலை இல்லை என்கிற முகம்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததே பெரிய அலைச்சலுக்குப் பிறகுதான். மகளுக்கு அப்போது ஏழு மாதம். எனக்கு இடது காது சின்ன வயதில் சீழ்பிடித்து, ஓட்டை கீழே கிழிந்து இறங்கி, இன்றைக்கும் கம்மலுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டித்தான் போடுகிறேன். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் இடது காது தெரியாதபடி தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். என் மகளுக்கு அது நடக்கக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு. நகைக்கடை மாடியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார்கள். "டக்குன்னு முடிஞ்சிரும்க்கா, வலியே தெரியாது" என்றது அந்தப் பெண். இதை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க என்று கேட்டேன். ஈரத்தாளால் ஒரு துடை துடைத்துக் காட்டியது. பியூட்டி பார்லரில் ஊசிதான். ஆனால் அது திறந்த டப்பாவில் பஞ்சோடு பஞ்சாகக் கிடந்தது. அதற்கப்புறம் கடைக்கு ஆதார் நகல் எடுக்கவந்த ஒரு டீச்சர்தான் இந்தச் சிஸ்டரைச் சொன்னார். "நல்லாச் செய்வாங்க. ஆனா செய்ய வைக்கிறதுதான் கஷ்டம்" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

எனக்கு நாள் கம்மி. மாமனார் வீடு நயினார்கோவில் பக்கம், விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், அதற்கு வேறு பேச்சில்லை. என் தம்பி கத்தாரில் வெல்டர். இருபது நாள் லீவில் வந்திருந்தான், புதன்கிழமை பிளைட். சீர்த்தட்டு, கிடா எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆகியிருந்தது. கூலிங்கிளாஸ் போட்டு அவன் சிரிக்கிற பிளக்ஸ் ஒன்று, 'தாய்மாமன் அழைக்கிறார்' என்று ஊர் முனையில் கட்டியாகிவிட்டது. என் யோசனை, வெள்ளிக்கிழமையே தம்பியைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்து, அவன் மடியிலேயே வைத்துச் சுத்தமாகக் குத்திவிடுவது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பேருக்கு ஒரு சடங்கு. நல்ல யோசனைதான்.

சிஸ்டர் குழந்தையை வாங்கி, காது மடலை முன்பக்கம் பார்க்கவே இல்லை. மடித்துப் பின்பக்கம் பார்த்தார். தடுப்பூசி அட்டையைக் கேட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வீட்டில் யாருக்காவது காயம் ஆறின இடத்தில் கட்டி கட்டியாகத் தடித்திருக்கிறதா என்று கேட்டார். தம்பி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று இடத்தில் பத்திரிகை வைக்கவேண்டியிருந்தது. கடைசியில் வலது காதுக்குப் பின்னால் ஒரு கரப்பான் புண்ணைக் கண்டுபிடித்தார். சொறசொறவென்று, பாதி வெந்த தோசை மாதிரி ஈரமாக ஒரு திட்டு. நான் அதைப் பால் வடிந்த கறை என்று நினைத்திருந்தேன்.

"இன்னைக்கு இல்லை. தோலு நல்லா ஆறட்டும். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"ஞாயித்துக்கிழமை விசேசம் சிஸ்டர். பிளக்ஸே கட்டியாச்சு."

"பிளக்ஸுக்கா குத்தப்போறீங்க?"

"தாய்மாமன் இவன்தான் சிஸ்டர். புதன்கிழமை போயிருவான். மறுபடி வர ரெண்டு வருசம் ஆகும்."

அவர் தம்பியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டது போல இருந்தது. அப்புறம் குழந்தையை என்னிடம் நீட்டினார். "காதுக்கு என்ன அவசரம்? அது எங்கயும் போகாது."

சந்துக்குள்ளிருந்து வெளியே வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பைக்கில் ஏறும்போது தம்பி, "அக்கா, இதுக்குன்னுதான் லீவு கேட்டு வந்தேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். மொட்டை மட்டும் போடுவோம், காதில் சந்தனம் வைத்தால் போதும் என்று மாமனாரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். சரி என்றுதான் சொன்னார். ஆனால் நகை ஆசாரி வந்திருந்தார். பந்தல், மைக்செட், தம்பி மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை. மாமனார் குனிந்து காதைப் பார்த்துவிட்டு, "வலக்காதுலதானம்மா புண்ணு. எடக்காது நல்லாத்தான இருக்கு. ஒத்தக் காதாச்சும் மாமன் மடியில குத்திருவோம்" என்றார். ஆசாரி தங்கக் கம்பியைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்தார். கொதிக்கவைத்தீர்களா என்று கேட்டேன். "உனக்கு முன்னாடியே நூறு காது பாத்தவன் தாயி" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான். அவன் பார்வையில் கேட்கக்கூடத் தைரியமில்லாத ஒரு ஆசை இருந்தது. நான்தான் தலையாட்டினேன். "வாயால சொல்லுங்க" என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

புதன்கிழமை அவனை வழியனுப்பும்போதே பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. வியாழக்கிழமை காலை இடது காது பலாச்சுளை மாதிரி வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. மஞ்சள் பற்றுப் போடு என்றார் மாமனார் போனில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க, சிஸ்டர் என்ன சொல்வார், நான் என்ன சொல்வது என்றே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பொய்கள்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன்.

அவர் காதைப் பார்த்தார். "என்னைக்குக் குத்துனது? எதால? மேல என்ன போட்டீங்க?" மூன்றே கேள்வி. பதிலை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை ஒதுக்கி, நேரே டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். டாக்டர் கம்பியை நறுக்கி எடுத்து, மருந்து எழுதினார். தினமும் வந்து புண்ணைக் கழுவிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அந்த ஓட்டை தூர்ந்துதான் போகும் என்றும் சொல்லிவிட்டார். தம்பி மடியில் குத்திய ஒற்றைக் காதும் போனது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். சொல்லவே இல்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பத்து நாள் போனேன். கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து, பொருக்கை ஊறவைத்து, அது தானாக விடும்வரை காத்திருப்பார். நான் நகத்தால் பெயர்க்கக் கையை நீட்டுவேன். பார்க்காமலேயே என் கையைத் தட்டிவிடுவார். அந்தப் பத்து நாளில் அவர் குத்தியதைவிடத் திருப்பி அனுப்பியதுதான் அதிகம் என்று தோன்றியது. திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு காலேஜ் பெண், காதின் மேல்மடலில் வரிசையாக மூன்று வேண்டும், சனிக்கிழமை காலேஜில் விழா என்று வந்தாள். "அது குருத்தெலும்பு. சீழ்பிடிச்சா காதோட உருவமே மாறிரும். நான் செய்யிறதில்ல" என்றார். பார்லரில் செய்கிறார்களே என்று கேட்டாள். "செய்வாங்க. அப்பறம் இங்கன வருவாங்க." விசைப்படகு ஓனர் வீட்டு அம்மா ஒருத்தர் காரில் வந்து, பேத்தியை உள்ளே அனுப்பி, முன்னால் முடித்துத் தரச்சொன்னார். சிஸ்டர் அந்தச் சிறுமியின் காதில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, கண்ணாடியைக் கொடுத்து, "போய் வெளிய உக்காந்து நல்லாப் பாரு. ஏறி இறங்கி இருக்கான்னு உனக்குத்தான் தெரியும்" என்று அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கல்யாணப் பெண் ஒருத்தியை மட்டும் அழைத்துத் தனியாக வைத்துப் பேசினார். அவள் தோளில் அம்மைத் தழும்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. "உனக்கு ஒட்டுக் கம்மல் போதும்த்தா. குத்துனா இதே மாதிரி காதுல வளரும்" என்றார். அவள் அழுதாள். சிஸ்டர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வெளியே எத்தனை பேர் இருந்தாலும்.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. எரிச்சலும் போகவில்லை. எதற்குமே அவசரப்படாத ஒருவரைப் பார்த்தால் எனக்குள் ஒரு சந்தேகம் வரும். இவருக்கு வீட்டில் யாரும் காத்திருக்கவில்லையோ என்று. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அவர் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் துடுக்கு வாயில் வந்துவிட்டது.

"சிஸ்டர், நீங்க ஏன் கம்மல் போடுறதில்ல?"

"குத்தலை" என்றார்.

"கழட்டிட்டீங்களா?"

"குத்தவே இல்லைன்னு சொல்றேன்." உருட்டிய பஞ்சை டப்பாவில் வரிசையாக அடுக்கினார். "எங்களுக்குத் தங்கச்சிமடம். எனக்கு மூணு வயசுல நாள் குறிச்சாங்க. எங்க மாமா மடியில வச்சுக் குத்தணும். மாமா முதநாள் கடலுக்குப் போனாரு. விசேசத்துக்கு நல்ல மீனாப் புடிச்சிட்டு வாரேன்னு போனவரு. கச்சான் காத்து புயலா எடுத்துருச்சு. ஆளும் வரலை, வள்ளமும் வரலை."

நான் பிள்ளையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒடம்பு கெடைக்கலைல்ல. அதனால எங்கம்மாவுக்கு அவரு வந்துருவாருன்னுதான். சிலோன்ல கரையேறியிருப்பாரு, செயில்ல இருப்பாரு, வந்துருவாரு. எந்தம்பி வந்ததும் அவன் மடியில வச்சுக் குத்திக்கலாம்னு யாரையும் தொடவிடலை. பள்ளிக்கூடத்துல புள்ளைக சிரிக்கும். அப்பறம் அதுவும் பழகிப்போச்சு."

"அம்மா இருக்காங்களா?"

"போய்ச் சேந்தாச்சு."

"அப்ப இனிமே நீங்க குத்திக்கலாமே சிஸ்டர்?"

டப்பாவை மூடினார். அவர் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார். "காதுக்கு என்ன அவசரம். அது எங்கயும் போகாது."

அந்த வாக்கியத்தை அதற்கு முன்னால் ஐம்பது தரமாவது கேட்டிருப்பேன். பிறகு கேட்கும்போதெல்லாம் என் கண் அவர் காதுக்குத்தான் போனது.

இரண்டு மாதம் கழித்து வரச்சொன்னார். போனேன், கரப்பானின் தடம் இன்னும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மறுமாதம் போனபோது, மடலை மடித்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு காதையும் தடவிப் பார்த்து, "இன்னைக்குச் செய்யலாம்" என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். கடையைப் பக்கத்து மெடிக்கல் பையன் பார்த்துக்கொள்கிறான், இரண்டு மணிக்குள் திரும்பவேண்டும்.

"மாமன் எங்க?" என்றார்.

"கத்தார்ல சிஸ்டர். அவன்கிட்ட அப்பறம் சொல்லிக்கலாம். நீங்க குத்துங்க."

"போன்ல வரமாட்டாரா?"

"அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போனைத் தொடவிடுவாங்க. நமக்கு அப்ப ரெண்டரை மணி ஆயிரும்."

"ரெண்டரைக்கே குத்துவோம்."

ஒரு மணிக்குக் கிளினிக் மூடுகிற நேரம். அவர் மூடவில்லை. டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். தான் கொண்டுவந்த சோற்றைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தார், நெத்திலிக் குழம்பு. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், கடைக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், பிள்ளை தூங்கிருவா, இப்பவே செஞ்சுருங்களேன்" என்று மூன்று தரம் சொன்னேன். "அவரு வரட்டும்" என்று மூன்று தரமும் சொன்னார். இரண்டரைக்கு அழைத்தால் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு, இனிப் போதும் என்று நானே போனைப் பைக்குள் போட்டேன். சிஸ்டர் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னொரு தரம் பாருங்க" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னால் அவரிடம் கேட்டதில்லை. ஒரு பச்சைப் பிள்ளை கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அந்தத் தடவை எடுத்துவிட்டான். ஹெல்மெட்டோடு, முகமெல்லாம் தூசி, பின்னால் தகரக் கொட்டகை. விஷயத்தைச் சொன்னேன். முதலில் புரியவில்லை, புரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டான்.

சிஸ்டர் போய்க் கை கழுவினார். முழுசாக, இரண்டு தரம் சோப்புப் போட்டு. என் கால் ஆடவில்லை. வந்து என் போனை வாங்கி, அவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை ஸ்பிரிட் பஞ்சால் முன்னும் பின்னும் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றினார். கையுறையை மாட்டிக்கொள்ளும் முன்னால் அதை என் மடியில் வைத்தார். "புள்ளைய இதுமேல உக்காரவைங்க."

வைத்தேன். புதிதாகக் கையுறை மாட்டிக்கொண்டு ஊசிப் பொட்டலத்தை எடுத்து என் கண்ணெதிரே தூக்கினார். "பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

உள்ளேயிருந்து தம்பி குரல் வந்தது. "அக்கா, ஒண்ணும் தெரியலையேக்கா. ஒரே இருட்டா இருக்கு."

"மடி இருட்டாத்தான் இருக்கும் தம்பி" என்றார் சிஸ்டர், குனிந்து, பிள்ளையின் வயிற்றோடு பேசுகிறவர் மாதிரி. "உங்க மடியிலதான் இருக்கா. ஆடாமப் புடிச்சுக்கங்க. குத்தப்போறேன்."

சிஸ்டர் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் கண் பிள்ளைக்கு அடியில் தெரிந்த அந்தத் துணி நுனியிலேயே இருந்தது.

"புடிச்சிருக்கேன் சிஸ்டர்" என்றான் தம்பி.